தெரிந்த பின்னும் விருந்தாளியா?

பயணிக்கு நம் மார்க்கம் வழங்கியிருக்கும் சலுகைகளை எண்ணிப் பார்த்தால் வியப்பு மேலிடும். நான்கு ரக்அத் அவனுக்கு இரண்டாகச் சுருங்குகிறது. நோன்பு வேறொரு நாளுக்கு ஒத்திவைக்கப்படுகிறது. ஜகாத் பெறத் தகுதியுடைய எட்டு வகையினரைத் திருமறையின் ஒன்பதாம் அத்தியாயம் வரிசைப்படுத்துகையில் வழிப்போக்கனுக்கும் அதில் ஓர் இடம் தருகிறது. சொந்த ஊரில் அவன் செல்வந்தனாகவே இருக்கட்டும். வழியிலே கையறு நிலையில் நின்றால் அவனுக்கும் பங்கு உண்டு. வீட்டை விட்டு வெளியே நிற்பவன் எவனாயினும் அந்நேரத்துக்கு அவன் எளியவன். பள்ளிவாசல்களை ஒட்டியும் தர்காக்களை ஒட்டியும் நம் முன்னோர் முஸாபிர்கானாக்களை எழுப்பி வைத்தது இந்த உணர்வினால்தான்.

இவ்வளவும் எனக்குத் தெரியும் என்றே நினைத்திருந்தேன், சென்ற மார்கழியில் ஓர் இளைஞர் என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்காரும் வரையில்.

எங்கள் புதியம்புத்தூர் கரிசல் காட்டின் ஓரத்தில், தூத்துக்குடிக்கு அருகில் இருக்கும் ஊர். பருத்தி விளைந்த பூமியில் இன்று தைத்த துணி விளைகிறது. வீட்டுக்கு வீடு தையல் இயந்திரம் ஓடும். குழந்தைகளின் பாவாடை சட்டையும் கவுனும் கட்டுக் கட்டாக லாரியேறும். 'குட்டித் திருப்பூர்' என்று வெளியூரார் அழைப்பதில் எங்களுக்குச் சிறு பெருமையும் உண்டு. அந்த இளைஞர் என்னுடைய பழைய நண்பரின் மகன். சென்னையில் உத்தியோகம். இரண்டாண்டுகளுக்கு முன் எனக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தார். தமக்குப் பெண்கள்பால் நாட்டமில்லை, அது தாம் விரும்பித் தேர்ந்துகொண்டதன்று, வாப்பாவிடம் சொல்லிவிட வேண்டாம் என்று அதில் இருந்தது. மறுமொழி எழுத எனக்கு ஒரு மாதம் பிடித்தது. என்ன எழுதினேன் என்பது இங்கே தேவையில்லை; நல்ல கடிதமன்று என்று மட்டும் சொல்லி வைக்கிறேன்.

இப்போது அவர் வந்தது யோசனை கேட்க. அவரும், நான்காண்டுகளாக அவரோடிருக்கும் தோழரும், வெயிலும் கடலும் உள்ள ஓர் ஊருக்குச் சென்று ஐந்து நாள் தங்கி வர விரும்புகிறார்கள். எந்த ஊர் என்று முடிவாகவில்லை.

"கடற்கரைதானே வேண்டும் தம்பி? தூத்துக்குடியில் கடல் இல்லையா, திருச்செந்தூரில் இல்லையா, நம் காயல்பட்டினத்தில் இல்லையா?" என்று கேட்டேன்.

"கடல் இருக்கிறது மாமா. எங்களைத் தெரியாத ஆள் இல்லை" என்றார்.

பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து வாசித்தார். அந்த நாட்டுச் சட்டம் எங்களைப் போன்றவர்களைத் தண்டிக்கிறதா? இரண்டு ஆண்களின் பெயரைப் பார்த்ததும் விடுதிக்காரர் ஒரு கட்டிலுள்ள அறையை மாற்றி இரண்டு கட்டிலுள்ள அறையைத் தருவாரா, அன்றி அறையே இல்லை என்பாரா? அடையாள அட்டையில் இருப்பது வாப்பாவின் முகவரி. ஏதேனும் தகராறு வந்தால் அந்த முகவரிக்குத் தகவல் போகுமா? பழகுவதுபோல் வந்து படமெடுத்து மிரட்டிப் பணம் பறிக்கும் கூட்டம் அந்த ஊரில் உண்டா? ஒருவருக்கு உடம்புக்கு முடியாமல் போனால் மற்றவரை மருத்துவமனையில் உள்ளே விடுவார்களா?

பயணமென்றால் ரயில் சீட்டு, குடை, மருந்து, கட்டுச்சோறு என்று நினைக்கிற தலைமுறையைச் சேர்ந்தவன் நான். அந்தத் தாளில் கடலைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

இதிலே ஒரு வேடிக்கையும் இருக்கிறது. நம் நாட்டு விடுதிகளில் இரண்டு ஆண்கள் ஓர் அறை கேட்டால் எவரும் ஏறிட்டும் பார்ப்பதில்லை. துணி எடுக்க வரும் வியாபாரிகள் செலவைக் குறைக்க ஒரே கட்டிலில் இருவராய்ப் படுத்து எழுந்து போகிறார்கள். நண்பர்கள் தெருவில் விரல் கோத்து நடந்தால் நாம் தவறாக நினைப்பதுமில்லை. ஆணும் பெண்ணும் வந்தால்தான் கேள்வி. 2019-ஆம் ஆண்டு கோயம்புத்தூரில் ஒரு விடுதியை அதிகாரிகள் பூட்டி முத்திரையிட்டார்கள். திருமணமாகாத ஓர் ஆணும் பெண்ணும் ஓர் அறையில் இருந்தார்கள் என்பது அப்போது சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று. அப்படித் தங்குவதைக் குற்றமாக்கும் சட்டம் எதுவும் இல்லை என்று அவ்வாண்டு டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லி முத்திரையை அகற்றச் செய்தது. அப்படியிருக்க, இந்த இளைஞருக்கு என்ன அச்சம்? வாயை மூடிக்கொண்டு போனால் அறை கிடைத்துவிடுமே! நானும் இதையேதான் அவரிடம் சொன்னேன்.

"கிடைக்கும் மாமா. ஐந்து நாளும் வாயை மூடிக்கொண்டே இருக்கவேண்டும். அதற்குச் சென்னையிலேயே இருந்துவிடலாமே" என்றார்.

அந்த மறுமொழி என்னைப் பல நாள் தொல்லைப்படுத்தியது. நாம் ஒருவரை வரவேற்கிறோம். அவர் யாரென்று நமக்குத் தெரியவில்லை. தெரிந்தால் வரவேற்றிருக்க மாட்டோம். அப்படியானால் நாம் வரவேற்றது அவரையா, அல்லது அவர் போட்டிருந்த வேஷத்தையா?

பாரசீகக் கவி சஅதி, தம் பூஸ்தானில் ஒரு கதையை வைத்திருக்கிறார். இப்ராஹீம் (அலை) அவர்கள் விருந்தாளி இல்லாமல் உண்ணாதவர்கள். ஒரு வாரம் எவரும் வரவில்லை. தேடிப் போய்ப் பாலைவனத்தில் ஒரு கிழவரைக் கண்டு அன்போடு அழைத்து வந்தார்கள். சாப்பாட்டின் தொடக்கத்தில் எல்லாரும் இறைவன் பெயரைச் சொல்ல, கிழவர் மட்டும் பேசாதிருந்தார். விசாரித்ததில் அவர் நெருப்பை வணங்குகிறவர் என்று தெரியவந்தது. உடனே அவரை எழுப்பி வெளியே அனுப்பிவிட்டார்கள். அப்போது வானவர் வந்து இறைவனின் கண்டிப்பை அறிவித்தார்: நூறாண்டுக் காலம் நான் இவனுக்கு உணவும் உயிரும் அளித்து வருகிறேன், உனக்கு ஒரு வேளை பொறுக்கவில்லையா? இது ஹதீஸ் அன்று, கவிஞர் சொன்ன கதைதான். ஆயினும் ஏழு நூற்றாண்டுகளுக்கு மேலாக முஸ்லிம் உலகம் இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்து வந்திருக்கிறது. கதையின் முள் எங்கேயிருக்கிறது பாருங்கள். கிழவர் வரும்போதும் அதே கிழவர்தான், துரத்தப்படும்போதும் அதே கிழவர்தான். இடையில் மாறியது ஒன்றே ஒன்று: வீட்டுக்காரருக்குத் தெரிந்துவிட்டது.

தெரிந்துவிட்டதால் துரத்தப்பட்டவர்களின் வரலாறு நீளமானது. அமெரிக்காவிலும் லண்டனிலும் படித்துவிட்டுப் பரோடா சமஸ்தானத்தில் வேலையேற்க வந்த அம்பேத்கருக்கு அந்த நகரில் இடம் கிடைக்கவில்லை. ஒரு பார்சி விடுதியில் பார்சிப் பெயரொன்றைப் பதிவேட்டில் எழுதித் தங்கினார். பதினோராம் நாள் தடிகளோடு பார்சிகள் கூட்டமாக வந்து நின்றார்கள். இன்னாரென்று தெரிந்துவிட்டது. அன்று மாலைக்குள் வெளியேறச் சொன்னார்கள். இந்து நண்பர் ஒருவரிடமும் கிறிஸ்தவ நண்பர் ஒருவரிடமும் போனார், அங்கும் இடமில்லை. பூங்காவில் போய் உட்கார்ந்திருந்ததாக அவரே எழுதி வைத்திருக்கிறார். பிற்காலத்தில் அவர் தலைமையேற்று வரைந்த அரசமைப்பில் 15-ஆம் பிரிவு இருக்கிறது. மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் ஆகியவற்றைக் காரணம் காட்டி எந்தக் குடிமகனையும் கடையிலும் உணவகத்திலும் விடுதியிலும் தடுக்கலாகாது என்கிறது அது. உலகத்தின் பெரிய பெரிய உரிமைகளுக்கு நடுவே விடுதி என்ற சிறு சொல் ஏன் வந்து நிற்கிறது என்பது அந்தப் பூங்காவை நினைத்தால் விளங்கும்.

நம் கரிசல் பூமிக்கும் இது அந்நியமன்று. டீக்கடையில் இரண்டு வகைக் குவளை இருந்த காலத்தைக் கண்ணால் கண்டவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். ஏன், நமக்கே நேர்ந்ததில்லையா? 1993-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நானும் என் மனைவியும் வடக்கே ஒரு பெருநகரில் இரவு பத்து மணிக்கு இறங்கினோம். விடுதியில் இருந்தவர் பணிவாகவே பேசினார். பதிவேட்டை என் பக்கம் திருப்பி வைத்தார். நான் பெயரை எழுதி முடித்ததும், பதிவேட்டைத் தம் பக்கம் திருப்பிப் பார்த்தார். "அறை காலியில்லை" என்றார். அவர் தலைக்குப் பின்னே பலகையில் ஏழெட்டுச் சாவிகள் தொங்கிக் கொண்டிருந்தன. என் மனைவி அந்தச் சாவிகளைப் பார்த்துக்கொண்டே நின்றாள். ரயில் நிலையத்தில் இரவைக் கழித்தோம். இன்றும் நகரங்களில் வாடகை வீடு தேடும் நம் பிள்ளைகள், தொலைபேசியில் பெயரைச் சொன்னதும் வீடு கைமாறிவிட்டதாகப் பதில் பெறுகிறார்கள். இதைப் படிக்கும் குடும்பங்களில் இந்த அனுபவம் இல்லாத குடும்பம் மிகக் குறைவாகத்தான் இருக்கும்.

ஆகவேதான் நாமும் பயணத்துக்கு முன் தாள் எழுதுகிறோம். ஹலால் உணவு கிடைக்குமா, தொழ இடமுண்டா, பெண்கள் முக்காட்டோடு நடந்தால் ஏளனமாகப் பார்ப்பார்களா என்று விசாரித்துக்கொண்டு புறப்படுகிறோம். முஸ்லிம் குடும்பங்களுக்கு இசைவான ஊர்களைப் பட்டியலிட்டுத் தருவது இன்று உலக அளவில் ஒரு தொழிலாகவே வளர்ந்துவிட்டது. அமெரிக்கக் கறுப்பின மக்களுக்காக விக்டர் கிரீன் என்னும் தபால்காரர் 1936-இல் ஒரு கையேட்டை வெளியிடத் தொடங்கினார். எந்த ஊரில் எந்த விடுதி கதவைத் திறக்கும், எந்த உணவகம் சோறு போடும் என்பதே அதன் உள்ளடக்கம். முப்பதாண்டுக் காலம் அது வந்துகொண்டிருந்தது. நிம்மதியாகப் போய்வரக் கூடியவர்களுக்கு இத்தகைய நூல் தேவைப்படுவதில்லை. இந்த இளைஞரின் தாள் அந்த வரிசையில் ஒன்று. நம்முடைய தாளும் அவருடைய தாளும் ஒன்றல்ல என்று சிலர் சொல்லக்கூடும். நாம் தேடுவது மார்க்கக் கடமையை நிறைவேற்ற, அவர் தேடுவது வேறு எதற்கோ என்பார்கள். நியாயமான ஆட்சேபம். அதைத் தட்டிக் கழிக்க நான் விரும்பவில்லை.

மார்க்கத்தின் நிலையை நான் மறைத்துப் பேசப் போவதுமில்லை. ஆணும் ஆணும் கூடுவதை நான்கு மத்ஹபுகளும் விலக்கியே வைத்திருக்கின்றன. லூத் (அலை) அவர்களின் வரலாறு நம் பிள்ளைகளுக்கு மதரஸாவிலேயே பாடம். ஆனால் அந்த வரலாற்றில் இன்னொரு காட்சியும் இருக்கிறது. ஊரார் திரண்டு வந்து வீட்டில் தங்கியிருந்த விருந்தாளிகளைப் பலவந்தமாகப் பற்ற முற்படுகிறார்கள். நபி அவர்கள் ஊராருக்கெதிரே நின்று, இவர்கள் என் விருந்தாளிகள், இவர்கள் விஷயத்தில் என்னைத் தலைகுனிய வைக்காதீர்கள் என்ற பொருளில் மன்றாடுகிறார்கள். வழிப்போக்கரின் மானத்தைச் சூறையாடத் திரண்ட கூட்டம் அது. முதல் பாடத்தை மனனம் செய்த நாம், இரண்டாவதை ஏனோ வேகமாகக் கடந்துவிடுகிறோம்.

சரி, செயல் விலக்கப்பட்டதென்றால், அறை கொடுப்பவன் அதற்கு உடந்தையாகிறானா? இந்தக் கேள்வி இன்று புதிதாகப் பிறந்ததன்று. வீட்டை வாடகைக்கு எடுப்பவர் அங்கே மது விற்பார், அல்லது நெருப்புக் கோயில் வைப்பார் என்றால் விடலாமா என்று ஹனஃபி நூல்களில் விவாதம் உண்டு. விடலாம் என்றார்கள் இமாம் அபூஹனீஃபா. வாடகை என்பது வீட்டின் பயனுக்குரிய விலை. அதற்குள் நடப்பது குடியிருப்பவன் தானாகத் தேர்ந்து செய்வது. இரண்டுக்கும் இடையே ஒரு மனிதனின் சுதந்திரமான விருப்பம் குறுக்கே நிற்கிறது என்பது அவர்கள் கொண்ட நியாயம். அவர்களுடைய மாணவர்கள் அபூயூசுஃபும் முஹம்மதும் இதை ஏற்கவில்லை. பாவத்துக்குத் துணைபோவதாகும் என்றார்கள். குருவும் சீடர்களும் கருத்து மாறுபட்டு நின்ற ஒரு விஷயத்தில், இன்றைய விடுதிக்காரர் ஒருவர் கதவடைப்பதுதான் ஒரே மார்க்க நெறி என்று அடித்துப் பேச இடமில்லை. இதுபோலவே, பாவ நோக்கத்தோடு புறப்பட்ட பயணிக்குத் தொழுகைச் சுருக்கம் உண்டா என்ற கேள்வியிலும், இல்லையென்பது ஷாஃபிஈகளின் கட்சி. உண்டென்பது ஹனஃபிகளின் கட்சி. பயணம் என்ற நிலைக்கே அந்தச் சலுகை, பயணியின் உள்ளத்துக்கு அன்று என்று அவர்கள் கண்டார்கள். காயல்பட்டினத்தாரும் எங்களைப் போன்ற உள்நாட்டாரும் இதில் எதிரெதிர்ப் பக்கம் நிற்கிறோம். ஆனால் ஒருவர் வீட்டில் ஒருவர் சாப்பிடாமல் இருந்ததில்லை!

இன்னொன்று. அறைக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள முயல்வதற்கே நமக்கு அனுமதியில்லை. திருமறையின் 49-ஆம் அத்தியாயம் பிறரைத் துருவி ஆராய்வதைத் தடுக்கிறது. மதீனாவில் இரவு உலா வந்த உமர் (ரலி) அவர்கள் ஒரு வீட்டில் பாட்டொலி கேட்டு மதிலேறிக் குதித்த நிகழ்ச்சி பலருக்கும் தெரிந்ததே. உள்ளே மதுவும் மங்கையுமாக இருந்த அம்மனிதர், நான் ஒரு குற்றம் செய்தேன், தாங்களோ மூன்று செய்தீர்கள் என்றார். துருவிப் பார்த்தது, வாசல் வழியே வராதது, அனுமதியும் ஸலாமுமின்றி நுழைந்தது. கலீஃபா திரும்பிப் போனார்கள். இமாம் கஸ்ஸாலி தம் இஹ்யாவில் இன்னும் ஒரு படி மேலே போகிறார். அண்டை வீட்டில் நரம்பிசை கேட்கிறதா என்று காது கொடுப்பதும், மதுவின் வாடை வருகிறதா என்று மோந்து பார்ப்பதும், ஆடைக்குள் மறைத்திருப்பது என்னவென்று தடவிப் பார்ப்பதும் ஆகாது என்கிறார். பாவத்தைத் தடுப்பது பற்றிய அத்தியாயத்தில்தான் இதைச் சொல்கிறார் என்பது கவனிக்கத்தக்கது.

சட்டத்தின் பக்கமும் சற்றுப் பார்ப்போம். வெள்ளையர் 1860-இல் இயற்றிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவு ஒன்றரை நூற்றாண்டு இவர்கள் தலைக்கு மேல் தொங்கியது. 2009-இல் தில்லி உயர் நீதிமன்றம் அதன் கூரை மழுங்கச் செய்தது. 2013-இல் உச்ச நீதிமன்றம் மீண்டும் தீட்டிக் கொடுத்தது. 2018 செப்டம்பர் 6 அன்று ஐந்து நீதிபதிகள் ஒருமனதாக, வயதுவந்தோர் இசைந்து தனிமையில் நடந்துகொள்வது குற்றமன்று என்று தீர்த்தார்கள். திருமண உரிமையை 2023-இல் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. தமிழகத்தில் 2021-இல் வந்த ஒரு தீர்ப்பைத் தனியே குறிப்பிட வேண்டும். மதுரையிலிருந்து சென்னைக்கு வந்துவிட்ட இரண்டு இளம்பெண்களின் வழக்கு அது. பெற்றோர் காவல்துறையிடம் போயிருந்தார்கள். விசாரித்த நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தமக்கே இந்த விஷயம் புரியவில்லை என்பதை மறைக்கவில்லை. உளவியல் நிபுணர் ஒருவரிடம் தாமே மாணவராகப் போய் உட்கார்ந்து கேட்டறிந்து, பிறகு தீர்ப்பெழுதினார். சிகிச்சை என்ற பெயரால் இவர்களை மாற்ற முயல்வதற்குத் தடை விதித்தார். இழிசொல்லின்றி இவர்களைக் குறிப்பதற்கான தமிழ்ச் சொற்களைத் தமிழக அரசு 2022-இல் பட்டியலிட்டு வெளியிட்டதும் இந்த வழக்கின் தொடர்ச்சியே. சொல்லில்லாத காரணத்தாலேயே நம் வீடுகளில் இந்தப் பேச்சு வசையாகவோ மௌனமாகவோ முடிந்து வந்திருக்கிறது.

இளைஞரின் தாளில் இருந்த ஊர்களுள் கொழும்பும் ஒன்று. எங்களுக்குக் கொழும்பு தூர தேசமன்று. இங்கிருந்து கூப்பிடு தூரத்திலுள்ள ஓட்டப்பிடாரத்தில் பிறந்த வ. உ. சி. 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியது தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் கப்பல் விடத்தான். அங்கே 1883-ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டம் 365, 365ஏ என்னும் பிரிவுகளால் தன்பால் உறவைக் குற்றமாக்கியது. அதை நீக்கும் மசோதா அரசமைப்புக்கு முரணானதன்று என்று 2023 மே மாதம் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் கூறியது. அதன் பிறகும் மசோதா சட்டமாகவில்லை. இந்நிலையில் 2025 செப்டம்பரில் இலங்கைச் சுற்றுலா மேம்பாட்டு அதிகாரசபை, இத்தகைய பயணிகளை வரவேற்பதற்காக ஈக்குவல் கிரவுண்ட் என்னும் அமைப்பு எடுத்த முயற்சிக்கு ஆதரவு தெரிவித்தது. கொழும்புப் பேராயர் கர்தினால் மல்கம் ரஞ்சித் வெளிப்படையாக எதிர்த்தார்.

எனக்கும் அதில் ஒரு நெருடல் இருக்கிறது. ஆனால் கர்தினாலுடைய நெருடலன்று. டாலரோடு வந்திறங்கும் ஐரோப்பியருக்குப் புன்னகை; மட்டக்களப்பிலோ காலியிலோ பிறந்த பிள்ளைக்கு 1883-ஆம் ஆண்டுச் சட்டம். இது விருந்தோம்பலா, வியாபாரமா? மாலத்தீவில் குடிமக்கள் வாழும் தீவுகளில் மது கூடாது. உல்லாச விடுதித் தீவுகளில் தாராளமாக ஓடும். அந்த ஏற்பாட்டைப் பார்த்து நாம் முகம் சுளிக்கிறோமல்லவா? (பதினான்காம் நூற்றாண்டில் அதே மாலத்தீவில் காஜியாக அமர்ந்த இப்னு பதூதா, அங்குள்ள பெண்களை மேனி மறைக்கச் சொல்லி உத்தரவிட்டுப் பார்த்துத் தோற்றுப்போனதைத் தாமே எழுதியிருக்கிறார். விருந்தாளி வீட்டுக்காரரைத் திருத்தப் புறப்பட்ட கதை அது.) நம் முஸாபிர்கானாக்களில் கட்டணம் வாங்கிக்கொண்டு ஆள் பார்த்ததில்லை. காசுக்குத் திறக்கும் கதவு, காசு தீர்ந்ததும் மூடிக்கொள்ளும்.

ஆயினும் தாய்லாந்தை நினைக்கும்போது என் வாதம் சற்றுத் தளர்கிறது. அங்கேயும் முதலில் சுற்றுலாக்காரர்களுக்குத்தான் கதவு திறந்தது. பத்தாயாவும் புக்கெட்டும் இவர்களை வரவேற்கும் கடற்கரைகள் என்று உலகப் பெயர் பெற்றுப் பல ஆண்டுகள் கழித்தே, 2025 ஜனவரி 23 அன்று, அந்நாட்டுக் குடிமக்களுக்குத் தன்பால் திருமணச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அந்தச் சட்டத்தை நாம் எப்படி மதிப்பிட்டாலும், அந்நியனுக்குத் திறந்த வாசல் வழியே சொந்தப் பிள்ளையும் உள்ளே வந்துவிட்டான் என்பது உண்மை. வியாபாரத்தின் கை அழுக்கானதுதான். அழுக்குக் கையும் தாழ்ப்பாளை நீக்கிவிடுகிறது.

மறைந்துகொள்ள முடிந்தவர்களைப் பற்றியே இதுவரை பேசினேன். மறைந்துகொள்ளவே முடியாதவர்கள் இருக்கிறார்கள். திருநங்கையர் எந்த விடுதியின் வாசலிலும் பெயர் எழுதுவதற்கு முன்பே தெரிந்துவிடுகிறார்கள். அவர்களுக்குத் தங்குமிடமும் சேவையும் மறுப்பதை 2019-இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் தடுத்தது. அதற்கு முன் நாம் மறுத்தே வந்தோம். கோவில்பட்டியை அடுத்த மந்தித்தோப்பில் 2020-இல் திருநங்கையருக்கு வீடுகள் கட்டிக் கொடுத்து, மாடுகள் வாங்கிக் கொடுத்து, பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கமும் ஏற்படுத்தினார்கள். தூத்துக்குடி மாவட்டத்துக்காரரான கிரேஸ் பானு அதற்கு முன்னின்றவர். வீடு கேட்டு வீடு வீடாய்க் கதவு தட்டி ஓய்ந்தவர்கள், கடைசியில் தங்களுக்கென்று ஒரு தெருவையே பெற்றார்கள். அவர்கள் கறந்த பாலுக்கு எந்த வீட்டுக் கதவும் மூடவில்லை. கரிசல் காட்டில் டீக்குடிக்கும் நாம், பாலைக் கறந்த கை யாருடையதென்று கேட்பதில்லை.

இளைஞரிடம் இவ்வளவையும் நான் ஒரே மூச்சில் சொல்லிவிடவில்லை. சிலவற்றை அன்று சொன்னேன். சிலவற்றை அவர் போன பிறகு நூல்களைப் புரட்டித் தேடினேன். நான் சொன்னவற்றை அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். ஆனால் மகிழ்ந்ததாகத் தெரியவில்லை.

"நீங்கள் சொல்வதெல்லாம், எங்களைப் பார்க்காமல் இருப்பது உங்கள் கடமை என்றுதானே மாமா வருகிறது? பார்க்காமல் இருப்பதற்கு நன்றி. பார்த்த பிறகு என்ன என்பதுதான் என் கேள்வி" என்றார்.

அதற்கு என்னிடம் பதிலில்லை. கஸ்ஸாலியிடமிருந்து எனக்குக் கிடைத்தது கண்ணை மூடிக்கொள்ளும் நாகரிகம். சஅதியின் கதை கேட்பதோ கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே சோறு பரிமாறும் நாகரிகம். இரண்டுக்கும் இடையே உள்ள தூரத்தை நான் இன்னும் கடந்தபாடில்லை. செயலைப் பற்றிய என் கருத்து மாறவில்லை. அந்தக் கருத்தைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்ப்பது எப்படி என்பதே எனக்கு விளங்காதிருக்கிறது. கருத்து ஓரிடத்திலும் முகம் ஓரிடத்திலும் இருந்தவரை எனக்குக் கஷ்டமில்லாதிருந்தது.

ஊரைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்தார்கள். கொழும்பு வேண்டாமென்று விட்டுவிட்டு, சட்டம் அச்சுறுத்தாத நம் நாட்டிலேயே கோவாவுக்குப் போவதென்று தீர்மானித்தார்கள். விடுதிக்கு முன்கூட்டியே தொலைபேசியில் பேசி, நாங்கள் இருவரும் ஆண்கள், ஒரு கட்டில் போதும் என்று சொல்லிவிடச் சொன்னேன். மறுப்பவர் தொலைபேசியிலேயே மறுத்துவிடட்டும். இரவு பத்து மணிக்கு மூட்டையோடு நின்று சாவிப் பலகையைப் பார்க்க வேண்டாம். அந்த யோசனை ஒன்றுதான் அவருக்கு என்னால் உருப்படியாகக் கிடைத்தது.

கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டார்: "திரும்பி வருகிற வழியில் அவரை இங்கே அழைத்து வரட்டுமா மாமா? ஒரு ராத்திரி மட்டும்."

உள்ளே என் மனைவி டீ டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. நான் வாயைத் திறப்பதற்குள், "என்றைக்கு வருகிறீர்கள் என்று இரண்டு நாள் முந்தியே சொல்லிவிடு வாப்பா. முன்னறையில் தையல் துணிக் கட்டு அடைத்துக் கிடக்கிறது, எடுத்து ஒதுக்க வேண்டும்" என்று சொன்னாள்.